பச்சை காணாத வீடு

அத்தியாயம் 11

கட்டிலில் யாரும் இல்லை. அதுதான் தாரணியை விடிய விடியத் தூங்கவிடவில்லை.

யாராவது இருந்து தொலைத்திருந்தால்கூடத் தேவலை. முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் போயிருந்தது. நடு அறைக்குள் அவள் சுவரைத் துழாவிக்கொண்டு வந்தபோது பக்கத்தில் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. "யாரு, அத்தையா?" என்றாள். பதில் இல்லை. கையை நீட்டினாள். விரலில் ஒரு முகம் பட்டது. ஈரமாக, சில்லென்று ஒரு முகம்.

அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு சொர்ணம் ஹரிக்கேன் விளக்கோடு ஓடிவந்தாள். அந்த வெளிச்சத்தில் கட்டில் காலியாகக் கிடந்தது. மாமியார் மரகதம் கொல்லைப்புறத்திலிருந்து முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி வந்து, "இன்னா ஆச்சி?" என்று கேட்டாள்.

என்னவென்று சொல்வது? பேயைத் தொட்டேன் என்றா? பேய் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "எதிர்ல இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றுதான் வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தாரணி இரண்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்குத் தெரிந்த அந்த ரகசியம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்தால் தாரணிக்குக் கண் தெரிவதில்லை. முதலில் மூலைகள் மறையும். பிறகு கதவு, பிறகு எதிரில் நிற்பவரின் முகம். நாற்பது வாட்ஸ் பல்பு எரிந்தால் அது மட்டும் ஒரு மஞ்சள் புள்ளியாக மிதக்கும். வயிற்றில் ஏழு மாதம். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் கர்ப்பிணிக்கு அந்தி நேரத்தில் கண் மறைக்கிறது என்றால் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மாமியார் அவளை வேப்பிலை அடிக்கிற பூசாரியின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள். அதனால் நிலைப்படி, ஆட்டுக்கல், தண்ணீர் டிரம் என்று வீட்டைக் கையாலேயே பாடம் பண்ணிவைத்திருந்தாள்.

விடிந்ததும் உலகம் திரும்பி வந்தது. கூடவே தொழுவத்திலிருந்து வெள்ளச்சியின் முனகலும் வந்தது.

"மாட்டுக்கு வலி கண்டிருச்சி. டாக்டரைக் கூட்டியாந்து விட்டுட்டு டூட்டிக்குப் போ!" என்று மரகதம் மகனை விரட்டினாள்.

தாரணியின் கணவன் ரகு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். மே மாத வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று கிளம்பியவன், மல்லேஸ்வரம் பக்கம் போய் மாட்டு டாக்டர் சேஷகிரியை அழைத்துவந்து விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

சேஷகிரி வந்து சேர்வதற்குள் வெள்ளச்சி பாதி வேலையை முடித்திருந்தது. நல்ல கிடேரிக் கன்று. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. மரகதத்துக்கு வாயெல்லாம் பல். "மகாலட்சுமி வந்திருக்கா, தாரணி! சீம்பாலுக்கு வெல்லம் எடுத்து வை!" என்றாள்.

தாரணி தொழுவத்துக்குள் கால் வைத்தாள். பகல்தான், ஆனால் அந்தத் தொழுவத்துக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போனதும் கண் கட்டியது. கால் பட்டு வாளி உருண்டது. மாடும் அவளும் ஒரே நேரத்தில் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்கள். டாக்டர் நிமிர்ந்து மாட்டைப் பார்த்தார். பிறகு அவளையும் பார்த்தார்.

கன்று எழுந்து நின்றது. நாலு காலும் நடுங்க ஒரு எட்டு வைத்து, நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. விழுந்தது. எழுந்தது. மறுபடியும் அதே சுவர். மடி இருக்கும் பக்கம் தாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

சேஷகிரி டார்ச்சை எடுத்துக் கன்றின் கண்ணில் அடித்தார். அகல விரிந்த பாவை அப்படியே நின்றது. உள்ளே நீலமும் பச்சையுமாக ஏதோ மினுங்கியது. கண்ணுக்கு நேராகக் கையை வீசினார். கன்று இமைக்கவில்லை.

"பார்வை இல்லைம்மா" என்றார்.

மரகதத்தின் கையிலிருந்த செம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் ஓடியது. அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"மறுபடியுமா?"

தாரணிக்குச் சுருக்கென்றது. மறுபடியும் என்றால்? வெள்ளச்சிக்கு இதுதானே தலைச்சன் ஈற்று?

டாக்டர் மாட்டின் கண்ணையும் பார்த்துவிட்டுக் கேட்டார். "சாயங்காலம் ஆனா இது தடுமாறுதா? சந்துக்குள்ள வர மாட்டேன்னு நிக்குமே?"

"நிக்குது சாமி. தெருமுனையில எதையோ பாத்து மெரளுது. அங்க ஒன்னு நிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஒண்ணும் நிக்கல. அதுக்குக் கண்ணு தெரியல, அவ்வளவுதான். ஹசி ஹுல்லு, பச்சைப் புல்லு போட்டு எத்தனை நாளாச்சு?"

மரகதம் யோசித்தாள். தமிழ்க்காரர்களைத் தேடித் தேடி அடித்த போன டிசம்பர்க் கலவரத்தில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததே, அன்றோடு புல் வண்டி வருவது நின்றது. சந்தைக்குப் போய் வாங்கிவரவும் அவளுக்குப் பயம். கலவரம் அடங்கியது, பயம் அடங்கவில்லை. அப்புறம் கோடை வந்துவிட்டது. "வைக்கோலும் தவிடும் வேளா வேளைக்குப் போட்டேன் சாமி. ஒரு நாளும் பட்டினி போடல. தண்ணி காட்டத் தெருமுனை வரைக்கும்தான், அதுக்கு மேல வெளிய விடாம பத்திரமா வச்சிருந்தேன்."

"பட்டினி வேற, இது வேற" என்றார் சேஷகிரி. திட்டுகிற குரல் இல்லை. "பச்சையில ஒரு சத்து இருக்கு. வைட்டமின் ஏ. காஞ்ச வைக்கோல்ல அது கிடையாது. சினை மாட்டுக்கு அது இல்லைன்னா வயித்துல இருக்கிற கன்னுக்கு மண்டையோட்டு எலும்பு சரியா வளராது. கண்ணுக்குப் போற நரம்பை நெருக்கிடும். நோடி, பாருங்க, தாய்க்கு வந்தது பச்சை போட்டா, ஊசி போட்டா போயிடும். கன்னுக்கு வந்தது போகாது."

வெளியே குழாயடியில் குடம் மோதும் சத்தம் கேட்டது. தாரணி தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். நேற்றுச் சாப்பிட்டது ரசம் சோறு. முந்தாநாள் மோர்ச் சோறும் அப்பளமும். பப்பாளி கருவைக் கலைக்கும். மாம்பழம் சூடு. பரங்கிக்காய் வாயு. கீரை தின்றால் பிள்ளைக்கு மாந்தம். முட்டை, மீன் எல்லாம் மாமியார் செய்துகொண்ட வேண்டுதலில் போய்விட்டன. ஒன்றொன்றாக அத்தை தன் தட்டிலிருந்து எடுத்தது அன்பினால்தான் என்பதில் தாரணிக்குச் சந்தேகமே இல்லை. காலடியில் குவிந்திருந்த வைக்கோலில் ஒரு பிடியை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள்.

டாக்டரை வாசல்வரை வழியனுப்பும் சாக்கில் கூடவே போனாள்.

"டாக்டர், அந்தச் சத்து... மாட்டுக்கு மட்டும்தானா?"

ஸ்கூட்டரை உதைக்கப்போன சேஷகிரி காலை எடுத்துவிட்டார். "உங்களுக்கும் சாயங்காலம் ஆனா தெரியறதில்லையாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாசமா இருக்கிறவங்களுக்கு மாலைக்கண் வர்றது உண்டு. சரியாப் போயிடும். வயித்துல இருக்கிற குழந்தைக்கு எப்படின்னு நான் சொல்லக்கூடாது. நான் மாட்டு டாக்டர். நாளைக்குக் காலையிலேயே லேடி டாக்டர்கிட்ட போங்க. நீங்களா மாத்திரை வாங்கி முழுங்கிடாதீங்க, அது ஜாஸ்தி ஆனாலும் குழந்தைக்கு ஆகாது. முதல்ல வீட்ல சொல்லுங்க."

வீட்டில் சொல்வதாம்! சொல்வது சுலபம் டாக்டர் ஐயா, கேட்பது யார்?

உள்ளே மரகதம் அடுப்பில் வைத்த வெல்லத்தை இறக்கி வைத்திருந்தாள். சீம்பால் காய்ச்சவில்லை. கறந்ததைத் துளசி மாடத்தின் ஓரம் கொட்டிவிட்டாள். முகம் கல்லாகியிருந்தது.

"இனிமே ரசமும் வேணாம். உப்பில்லாப் பத்தியம். சுட்ட சுண்டைக்காயும் சோறும் போதும். மடியில ஒரு தாயத்து கட்டிக்க. தொழுவத்துப் பக்கம் தலை காட்டாத. அந்தக் கன்னுக்குட்டி உன் கண்ணுல படக்கூடாது."

"அத்தை, டாக்டர் சொன்னதைக் கேட்டீங்களா? பச்சை இல்லாததாலதான்..."

"கேட்டேன். அவரு படிச்சவரு, சொல்வாரு. புள்ளையைச் சொமக்கிறது நீ." மரகதம் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "அந்தி சாயறதுக்குள்ள கன்னு இந்த வீட்ட வுட்டுப் போயிடணும். ஞானசேகரனுக்குச் சொல்லியனுப்பிட்டேன்."

மாட்டுத் தரகர் ஞானசேகரனிடம் அன்று பிறந்த குருட்டுக் கன்று போனால் எங்கே போகும் என்று அந்தச் சந்தில் தெரியாதவர்கள் கிடையாது.

அன்று பகல் முழுக்க மரகதம் முன்வாசலில் முறத்தோடு உட்கார்ந்து, கல்லே இல்லாத அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தரம் அவள் அசந்த நேரம் பார்த்து, தாரணி தொழுவத்துக்குள் நுழைந்து கன்றின் வாயைப் பிடித்து வெள்ளச்சியின் மடியில் வைத்தாள். அது சப்பிக் குடித்தது. குடிக்கிற வேகத்தில் வாலை ஆட்டியது. கண் இருக்கிற கன்றைவிட ஒரு துளி குறைவாகவும் அது சந்தோஷப்படவில்லை. தாரணிக்கு அழுகை வந்துவிட்டது.

வெயில் இறங்கியது. மூலைகள் மறையத் தொடங்கின. சொல்லி வைத்தாற்போல கரண்டும் போனது.

தாரணி நடு அறையில் கட்டிலுக்குத் தள்ளி நின்றாள். அதில் உட்கார அவளுக்குத் தைரியம் இல்லை. நேற்றைய மூச்சு மறுபடியும் கேட்குமோ என்று காது தானாகக் கூர்மையானது. கேட்டது வேறு. கொல்லைப்புறக் கதவு கிறீச்சிட்டது. ஓர் ஆணின் இருமல். கயிறு தரையில் விழும் சத்தம்.

"கால ரெண்டையும் கட்டிடட்டுமா அக்கா?" ஞானசேகரனின் குரல்.

"கட்டு. சீக்கிரம் ஆவட்டும்."

வெள்ளச்சி கத்தியது. அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல் அது. உடனே தாரணியின் வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரளல் புரண்டது.

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. நிலைப்படி. ஆட்டுக்கல். டிரம். கை அறிந்த வீடு டிரம்மோடு முடிந்துபோனது. அதற்கப்பால் கொல்லை, கும்மிருட்டு. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, மாடு கூப்பிடுகிற திசையைப் பார்த்து நடந்தாள். முளைக்குச்சி தடுக்கிற்று. சாணத்தில் வழுக்கி முழங்காலில் விழுந்தாள். "ஐயோ தாரணி!" என்று மரகதம் கத்தினாள்.

தவழ்ந்தே போனாள். விரலில் ஏதோ பட்டது. ஈரமாக, சில்லென்று. நேற்றைய அதே முகமா? பிறகு அது அவள் விரலைச் சப்பியது. கன்றின் மூக்கு! கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"இதைத் தர மாட்டேன்."

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? எழுந்திரு! வயித்துப் புள்ளக்காரி குருட்டுக் கன்னைத் தொடறியே!"

"எனக்கும்தான் கண்ணு தெரியலை அத்தை!"

கயிற்றின் சரசரப்பு நின்றது.

"பொழுது சாஞ்சா எனக்கும் தெரியலை. ரெண்டு மாசமா. இப்ப நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னுகூடத் தெரியலை. என்னையும் கயித்தைப் போட்டு அனுப்பிடுவீங்களா? நாளைக்கு இந்த வயித்துல இருக்கிறதுக்கும் கண்ணு இல்லைன்னா, அதையும் அந்தி சாயறதுக்குள்ள அனுப்பிடுவீங்களா அத்தை?"

வெள்ளச்சி கத்துவதை நிறுத்திவிட்டது. எங்கோ ஒரு வீட்டில் பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

"ஞானசேகரா, நீ போய்ட்டு வா" என்றாள் மரகதம்.

"அக்கா, வந்ததுக்கு..."

"போய்யா!"

கதவு சாத்திக்கொண்டது. பிறகு தாரணிக்குப் பக்கத்தில், சாணத்திலேயே, ஒரு உடம்பு தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. மூச்சுவிடும் சத்தமும் கேட்டது. அந்த மூச்சு அவளுக்குத் தெரிந்த மூச்சு.

"நேத்து கட்டில்ல உக்காந்துக்கினு இருந்தது நான்தான்."

தாரணி மெல்லக் கையை நீட்டினாள். விரலில் அதே முகம் பட்டது. அதே ஈரம். நேற்று அவள் தொட்டது கண்ணீரை.

"ஏன் அத்தை? ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?"

"நீ செவுத்தைத் தொட்டுத் தொட்டு நடக்கிறதைப் பாத்துக்கினே இருந்தேன். நானும் அப்படித்தான் நடந்தேன், மொதப் புள்ள வயித்துல இருக்கச் சொல்ல. அதுவா இருக்கக்கூடாதுடா சாமின்னு வேண்டிக்கினு, பேசாம உக்காந்து பாத்தேன். நீ என் மூஞ்சிக்கு நேரா நின்னுக்கினு யாருன்னு கேட்டே. எனக்கு உசுரே போயிடுச்சி. பின்பக்கமா ஓடிட்டேன்."

"மொதப் பிள்ளையா? அவர்தானே உங்களுக்கு..."

"ரகு ரெண்டாவது."

கன்று தாரணியின் மடியில் தலையை வைத்துக்கொண்டது. மரகதத்தின் குரல் இருட்டில் தனியாக வந்தது.

"பொட்டப் புள்ள. கண்ணெம மூடினது மூடினபடியே பொறந்துச்சி. தெறந்து பாத்தா உள்ள கண்ணு கடுகாட்டம். நான் மாசமா இருக்கச் சொல்ல ஒரு நாள் பசி தாங்காம, ஒளிஞ்சிக்கினு ஒரு கீத்துப் பப்பாளி தின்னேன். என் மாமியா பாத்துட்டா. அந்தக் கீத்துதான் கண்ணைத் தின்னுச்சின்னு சொன்னா. நானும் நம்பினேன். இத்தினி வருசமா நம்பிக்கினு இருந்தேன். அதான் உன் வாயில பச்சையா மஞ்சளா ஒன்னும் போவ வுடல."

"அத்தை, அது எதனாலேன்னு யாருக்குத் தெரியும்? டாக்டர்கூட மனுஷங்களைப் பத்திச் சொல்ல மாட்டேன்னுட்டார்."

"அவரு சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியுதே." மரகதம் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ளைக்கு நான் செஞ்சதுலயே நல்லது அந்த ஒரு கீத்துதான் போல. அதுக்காக இத்தினி காலம் என்னை நானே சபிச்சிக்கினு இருந்தேன். அந்தப் பாவத்தை உன் தலையிலயும் எறக்கி வச்சிட்டேனே கண்ணு!"

தாரணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வர வேண்டிய இடம்தான். வரவும் செய்தது. ஆனால் அந்தக் கை தன் கையை விடாமல் பற்றிக்கொண்டபோது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"காலையில லேடி டாக்டர்கிட்ட போலாம். நீங்க வரணும். என் கூட உக்காந்து எல்லாத்தையும் கேக்கணும்."

"வரேன். விடிஞ்சதும் முருங்கைக்கீரை பறிச்சி ஆக்கிப் போடறேன். பப்பாளி வேணும்னாலும் அறுத்துத் தரேன்." மரகதம் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப போட்டா புள்ளைக்குப் போய்ச் சேருமா தாரணி? ஏழு மாசம் ஆயிடுச்சே. நேரம் தாண்டியிருக்காதே?"

தாரணி வேறொன்றைக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை... செத்துப்போச்சா அத்தை?"

மரகதம் கன்றின் காலில் சுற்றியிருந்த கயிற்றைக் கழற்றும் சரசரப்பு கேட்டது.

"மொத சனிக்கிழமை ஆனா நான் எங்க போறேன்?"

"சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு. மெழுகுவத்தி ஏத்த."

"ஏத்திட்டு அப்படியே நேரா வூட்டுக்கு வரேன்னு நெனச்சியா? அதுக்கு அப்பால ரொம்ப தூரம் பஸ்சுல போவேன். சிஸ்டருங்க நடத்தற ஒரு இல்லம் இருக்குது. அங்க கூடை பின்னிக்கினு இருக்கா. டோரீன்னு பேரு வச்சிருக்காங்க. நான் போனா என் கொரலு அவளுக்குத் தெரியும். சிரிப்பா. நான் யாருன்னு தெரியாது. நானும் இந்தக் கன்னை மாதிரிதான் அவளை, பொறந்தன்னிக்கே, அந்தி சாயறதுக்குள்ள..."

வாசல் பக்கம் டணார் என்று ஒரு சத்தம். சாப்பாட்டுக் கேரியர் தரையில் விழுந்து, அடுக்குகள் ஒவ்வொன்றாக உருண்டு ஓடின.

அந்தச் சத்தத்துக்குத் தாரணியின் வயிற்றுக்குள் பிள்ளை திடுக்கிட்டுத் துள்ளியது. காது கேட்கிறது, என்று நினைத்தாள் அவள். காது கேட்கிறது. கடவுளே, கண்?

ரகு எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றான் என்று தெரியவில்லை. அவள் தலையைத் திருப்பினாள். அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும் இருந்தது. அந்த இருட்டிலிருந்து குரல் வந்தது.

"அம்மா... எனக்கு ஒரு அக்கா இருக்காளா?"